கருமபீடத்தில் சத்தம் எழும்பினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

கந்தோர் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குக் கோவை கட்டப் பழக்குகிறோம், கடிதம் பதியப் பழக்குகிறோம், கணினியில் தரவு ஏற்றப் பழக்குகிறோம். முன்னால் நிற்கிறவர் மேசையில் அடித்துக் கத்தினால் என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. முதல் தரம் அது நடக்கும்போது பிள்ளை அழுதுகொண்டு உள்ளே போகும், இல்லாவிட்டால் தானும் திருப்பிக் கத்தும். எப்படியானாலும் வந்தவரின் அலுவல் முடியாது.

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்துக் கந்தோர்களில் 20 வருடத்துக்குக் கிட்டச் சனத்துக்கு முகம் கொடுத்து வேலை செய்திருக்கிறேன். தோட்டத்தில் இறைக்கிற மெசின் தண்ணி இழுக்காவிட்டால் நாங்கள் மெசினுக்கு அடிப்பதில்லை. காற்றுப் பிடித்திருக்கிறதா, புட்வால்வில் குப்பை அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மனிசரின் கோபத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அறிகுறிகளுக்குள் போக முன்னம் ஒரு விடயம். நான் கண்ட கோபத்தில் பெரும்பங்கு “இல்லை” என்ற பதிலால் வந்ததல்ல, “பிறகு வாங்கோ” என்ற பதிலால் வந்தது. “இல்லை, இதுக்கு இடமில்லை, காரணம் இதுதான்” என்று சொன்னால் சனம் கவலைப்படும், ஏசும், ஆனால் வேறு வழி தேடிப் போகும். “பிறகு வாங்கோ” என்றால் எப்போது, யாரிடம், எதைக் கொண்டு என்று ஒன்றும் தெரியாமல் வீட்டுக்குப் போய் திரும்பவும் வரும். மூன்றாம் தரம் வரும்போது அந்தக் கோபம் யார் முன்னால் வெடிக்கும் என்பது அன்றைக்கு கருமபீடத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

அறிகுறி: வந்தவுடனேயே உரத்துக் கத்துகிறார்

முதலில் காதைப் பாருங்கள். உரத்துக் கதைக்கிற எல்லோரும் கோபக்காரர் இல்லை. 2009ஆம் ஆண்டு ஷெல் சத்தத்துக்கு நடுவில் இருந்து வந்த ஊர் இது. குண்டு வெடிப்பு காதைக் கெடுக்கும். கேட்கும் திறன் குறைந்தவர் தன் குரல் எவ்வளவு உயரம் என்று அறியாமல் கதைப்பார். நீங்கள் முகத்தைச் சுளித்தால் அப்போதுதான் உண்மையான கோபம் தொடங்கும். எழும்பி, கருமபீடத்தைச் சுற்றி அவருக்குப் பக்கத்தில் போய், முகத்தைப் பார்த்து ஆறுதலாகக் கதையுங்கள். காதுதான் காரணம் என்றால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

காது இல்லை, கோபம்தான் என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: “இது எத்தினையாம் தரம் ஐயா வாறியள்?”

என்ன பிரச்சினை என்று கேட்க முன்னம் இதைக் கேளுங்கள். பாண்டியன்குளத்தில் இருக்கிற ஒருவர் முல்லைத்தீவுக் கச்சேரிக்கு வருவதென்றால் மாங்குளம் வந்து, அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியாக ஏறத்தாழ 50 கிலோமீற்றர் போக வேண்டும். விடிய பஸ் எடுத்தால் பொழுதுபடத்தான் வீடு. கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு. அவர் “மூண்டாம் தரம்” என்று சொல்லும்போது மூன்று நாள் கூலியைத்தான் சொல்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் குரல் பாதி இறங்குவதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். ஏனென்றால் அதுவரை ஒருவரும் அதை எண்ணவில்லை.

பிறகு கதிரை. நின்றுகொண்டிருப்பவரை இருத்துங்கள், நீங்களும் இருங்கள். “சத்தம் போடாதேங்கோ” என்று சொல்லக் கூடாது. “அமைதியா இருங்கோ” என்பதும் அதே பிழைதான், கொஞ்சம் நாகரிகமாகச் சொன்ன ஏச்சு. “மூண்டு தரம் அலைஞ்சு, இண்டைக்கும் முடியாதோ எண்டு உங்களுக்கு விசர் வருது, என்ன?” என்று அவர் உணர்வதை அவருடைய பாஷையில் திருப்பிச் சொல்லுங்கள். இது ஆறுதல் வார்த்தை மட்டும் இல்லை. 2007இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மத்தியூ லீபர்மனும் கூட இருந்தவர்களும் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, உணர்ச்சிக்குப் பெயர் சூட்டும்போது அச்சத்தோடும் கோபத்தோடும் தொடர்பான அமிக்டலா என்ற பகுதியின் துடிப்புக் குறைவதைக் கண்டார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. “கொட்டித் தீர்க்கட்டும், பிறகு சரியாகிடும்” என்று எங்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது பாதிதான் சரி. 2002இல் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் செய்த பரிசோதனையில், தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துச்சண்டைப் பைக்குக் குத்தியவர்கள், ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தவர்களைவிடக் கூடிய கோபத்தோடு இருந்தார்கள். ஆகவே கதையை ஒரு தரம் முழுதாகச் சொல்ல விடுங்கள், குறுக்கே பேச வேண்டாம். அதே கதை இரண்டாம் தரம் தொடங்கினால், “முதல் தரம் வந்த நேரம் ஆரிட்டக் குடுத்தனீங்கள்? கையில சிட்டை ஏதும் தந்தவையோ?” என்று ஒரு சின்ன, பதில் சொல்லக்கூடிய கேள்வியால் பாதையை மாற்றுங்கள். நினைவைத் தேடத் தொடங்கினால் குரல் இறங்கும்.

கடைசியாகத் துண்டு. இதை நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். ஒரு கடதாசித் துண்டில் மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: அடுத்த தரம் எந்த நாள், எதை எதைக் கொண்டு வர வேண்டும், யாரைக் கேட்க வேண்டும். கீழே உங்கள் பெயரும் கந்தோர் தொலைபேசி இலக்கமும். வர முன்னம் ஒரு கோல் எடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். பெயர் எழுதப் பயப்படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், தன்னில் பிழை வந்துவிடும் என்று. பெயர் எழுதியவரை சனம் தேடி வந்து ஏசியதை நான் காணவில்லை. தேடி வந்து மாம்பழம் தந்ததைக் கண்டிருக்கிறேன்.

அறிகுறி: நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்தவர் ஒரு கேள்வியில் உடைந்துபோகிறார், அல்லது பேச்சே நின்றுவிடுகிறது

கத்துகிறவரைவிட இவருக்குக் கூடிய கவனம் வேண்டும். காரணம் பெரும்பாலும் நீங்கள் கேட்ட பத்திரம்.

“அசல் எங்க?” என்பது எங்களுக்குச் சாதாரணக் கேள்வி. 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தால் கையில் பிள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லாமல் நடந்து வந்தவருக்கு அது சாதாரணக் கேள்வி இல்லை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் எல்லாம் பங்கருக்குள் போனது, எரிந்தது, நனைந்தது. எஞ்சினதைச் சொப்பிங் பைக்குள் சொப்பிங் பை போட்டுச் சுற்றி வைத்திருப்பார்கள். அந்தப் பையை அவர்கள் அவிழ்க்கும்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். கடதாசியை வாங்கும்போது இரண்டு கையாலும் வாங்குங்கள். மடிக்க, எறிய, மேலே தேத்தண்ணிக் கோப்பை வைக்க வேண்டாம்.

கேள்வியை மாற்றலாம். “அசல் இல்லாட்டி ஏலாது” என்பதற்குப் பதிலாக, “இந்தப் பத்திரம் கையில இருக்கோ, இல்லாட்டி எங்க பதிஞ்சது எண்டு நினைவிருக்கோ அம்மா? பதிவு இருந்தா மறுபிரதி எடுக்கலாம்.” கேட்பது அதே விடயம்தான், ஆனால் இப்படிக் கேட்டால் அவர் போக ஒரு வழி தெரிகிறது.

அதைவிடக் கடினமான இடம், காணாமல் ஆக்கப்பட்டவரின் தாயோ மனைவியோ வரும்போது. ஒரு கொடுப்பனவுக்காக, பிள்ளையின் பாடசாலை அலுவலுக்காக, காணிப் பெயர் மாற்றத்துக்காக வருவார். “அவருக்கு இறப்புச் சான்றிதழ் எடுத்திட்டியளோ?” என்று வாய் தவறிக் கேட்டுவிடுவோம். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டத்தில் மழையிலும் வெயிலிலும் இருந்த தாய்மார் கேட்டது, பிள்ளை எங்கே என்பதற்குப் பதில். அந்தச் சான்றிதழை எடு என்பது அவர்களுக்கு, பிள்ளை செத்துவிட்டது என்று நீயே கையெழுத்துப் போடு என்பது. 2010இல் வந்த தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம் இறப்பைப் பதிய வழி தந்தது. 2016இல் அது திருத்தப்பட்ட பிறகு, இறந்தார் என்று சொல்லாமலே காணாமற்போனவர் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றையும் பெற முடிகிறது. கருமபீடத்தில் இருக்கிறவருக்கு இந்த இரண்டாவது வழி கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். முதலில் அதைச் சொல்லுங்கள். எதை எடுப்பது என்பது அந்தத் தாயின் முடிவு. அவசரப்படுத்த எங்களுக்கு உரிமை இல்லை.

அழுதால் அழட்டும். பக்கத்து அறைக்குக் கூட்டிப் போங்கள், வரிசையில் நிற்கிறவர்கள் பார்க்க அழ விட வேண்டாம். “அழாதேங்கோ அம்மா” என்று சொல்லத் தேவையில்லை. சும்மா பக்கத்தில் இருந்தால் காணும். மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போர் முடிந்த அடுத்த வருடமே வன்னி மக்களைப் பற்றி எழுதியது இதைத்தான்: காயம் தனி ஆளில் மட்டும் இல்லை, குடும்பத்திலும் ஊரிலும், ஆள் ஆளை நம்புகிற பழக்கத்திலும் இருக்கிறது. ஒரு கருமபீடத்தில் இருக்கிற எங்களால் அதை மாற்ற முடியாது. அதன் மேல் இன்னொரு கீறல் போடாமல் இருக்க முடியும்.

அறிகுறி: “அவனுக்குக் கிடைச்சது, எனக்கேன் இல்லை?”

வீட்டுத்திட்டம், வாழ்வாதார உதவி, 2023இல் இருந்து அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு. பட்டியல் ஒட்டுகிற நாளில் இந்தச் சத்தம் வரும். இங்கே இரண்டு பொறி. ஒன்று, பக்கத்து வீட்டுக்காரரின் விபரத்தைச் சொல்லி நியாயப்படுத்தப் போவது. “அவைக்கு மூண்டு பிள்ளை, மனிசனும் இல்லை” என்று சொன்னால் நாளைக்கு ஊரில் புதுச் சண்டை. மற்றது, “எங்களுக்குத் தெரியாது, கொழும்பிலதான் தெரிவு” என்று கையைக் கழுவுவது.

சரியான பாதை: அவருடைய விண்ணப்பத்தை மட்டும் எடுத்து, எந்த அளவுகோலில் எங்கே தவறியது என்று அவருக்கே காட்டுங்கள். மேன்முறையீட்டுக்கு இடமிருந்தால் கடைசித் திகதியைத் துண்டில் எழுதுங்கள். உங்களிடம் பதில் இல்லையென்றால், எழுத்தில் கேட்கிற வழியைச் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, கோரிக்கை கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். இதைச் சனத்துக்குச் சொன்னால் வேலை கூடும் என்று பயப்படுகிற அதிகாரிகள் இருக்கிறார்கள். என் அனுபவம் மறுவளம். எழுத ஒரு வழி இருக்கிறவர் கத்துவது குறைவு.

அறிகுறி: “நான் ஆர் எண்டு தெரியுமோ? எம்.பி.க்கு கோல் எடுப்பன்”

எடுக்கட்டும். “எடுங்கோ சேர், அதுக்கிடையில உங்கட கோவையை நான் எடுத்து வைக்கிறன்” என்று சொல்லி, வரிசையில் அவருடைய இடத்தை மாற்றாமல் வேலையைத் தொடருங்கள். வரிசையில் நிற்கிற மற்றச் சனம் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அறிகுறி: கூட்டமாக வந்து வாசலில் நிற்கிறார்கள்

இதற்கு நல்ல பாடம் எங்கள் குளங்களிலேயே இருக்கிறது. சிறுபோகக் கூட்டத்துக்குப் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். குளத்துக்குக் கீழே வயல் இருக்கிற எல்லோருக்கும் விதைக்க ஆசை, தண்ணியோ எல்லோருக்கும் காணாது. அந்தக் கூட்டம் ஒழுங்காக நடக்கிற இடங்களில், யார் எத்தனை ஏக்கர் என்று கதைக்க முன்னம், குளத்தில் எத்தனை அடி தண்ணி நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குக் காணும் என்று நீர்ப்பாசனப் பகுதியினர் எல்லோர் முன்னாலும் சொல்வார்கள். அந்த அளவு எல்லோருக்கும் பொது. சண்டை அதற்குப் பிறகு வந்தாலும் பங்கு பிரிப்பதைப் பற்றித்தான் வரும். தண்ணியை ஒளித்துவிட்டார்கள் என்று வராது.

கந்தோர் வாசலிலும் அதே ஒழுங்கு. முதலில் அளவைச் சொல்லுங்கள்: எவ்வளவு வந்தது, எத்தனை பேருக்கு, யார் தீர்மானித்தது, எது எங்கள் கையில் இல்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது நாடு முழுக்க விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். தீர்மானம் எடுத்தவர்கள் கொழும்பில், ஏச்சு வாங்கியவர்கள் ஊர்க் கந்தோரில். அந்த நேரம் தீர்மானத்துக்காக வாதாடிய உத்தியோகத்தர்கள் சனத்தின் நம்பிக்கையை இழந்தார்கள். “எனக்கும் வயல் இருக்கு” என்று அழுதவர்களாலும் ஒன்றும் ஆகவில்லை. கோரிக்கையை எழுத்தில் வாங்கி, முத்திரை குத்தி, பிரதியைக் கையில் கொடுத்து, எந்த நாளில் மேலே அனுப்பினோம் என்று திரும்பச் சொன்னவர்களிடம் சனம் பிறகும் வந்தது.

ஐந்து பேரைத் தெரிந்து உள்ளே அனுப்பச் சொல்லுங்கள். தெரிவு அவர்களுடையதாக இருக்கட்டும். அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று கேளுங்கள். வெளியே நிற்கிறவர்களுக்குத் தண்ணி கொடுங்கள்.

அறிகுறி: குடித்திருக்கிறார், அல்லது கை ஓங்குகிறார்

இங்கே மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது. கதைத்துத் தீர்க்கப் பார்க்க வேண்டாம். கருமபீடம் உங்களுக்கும் அவருக்கும் இடையில் இருக்கட்டும், வாசலை மறித்து நிற்க வேண்டாம், உள்ளே ஒருவரைக் கூப்பிடுங்கள், தேவை என்றால் 119. நடந்ததை அன்றைக்கே எழுதி வையுங்கள். அடுத்த நாள் தெளிந்து வந்தால் அலுவலை மற்றவர்களுக்குச் செய்வதுபோலவே செய்து கொடுங்கள்.

அறிகுறி: உள்ளே இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை

வெளிச்சண்டையைவிடக் கந்தோரை அரிக்கிறது இதுதான். “அந்தக் கோவை அவவிட்ட இருக்கு, நீங்களே போய்க் கேளுங்கோ” என்று சனத்தை ஒரு மேசையில் இருந்து மற்ற மேசைக்கு அனுப்பத் தொடங்கினால், அறிகுறி முற்றிவிட்டது என்று அர்த்தம்.

காரணம் பெரும்பாலும் சின்னது: லீவு, வேலைப்பங்கு, யாரோ கொண்டுவந்த கதை. வைகாசி மாதம் வந்தால் எங்கள் பக்கத்தில் இது நிச்சயம். வற்றாப்பளை அம்மன் பொங்கல் அதே மாதம், மே 18 அதே மாதம். எல்லோருக்கும் லீவு வேண்டும். ஒரு வருடம் இரண்டு பிள்ளைகள் பொங்கல் நாளுக்காக முட்டிக்கொண்டு மூன்று மாதம் கதைக்கவில்லை. இருவரையும் ஒன்றாக இருத்தி நியாயம் கேட்டது என் பிழை. இருவரும் வழக்காடினார்கள், நான் நீதவானாகிப் போனேன், தீர்ப்பு ஒருவருக்குக் கசந்தது.

பிறகு தனித்தனியாகக் கேட்டேன்: “எந்த நாள் வேணும் எண்டு சொல்லாதேங்கோ. ஏன் வேணும் எண்டு சொல்லுங்கோ.” ஒருவருக்குத் தாய் காவடி எடுப்பதற்கு அன்று பகல் கூட நிற்க வேண்டும். மற்றவருக்கு வெளியூரில் இருந்து வந்த தமையன் குடும்பத்தை இரவில் கூட்டிப் போக வேண்டும். ஒருவருக்கு முழுநாள், மற்றவருக்கு அரைநாள். இவ்வளவுதான், மூன்று மாதம் முன்னரே முடிந்திருக்கும். 1920களில் மேரி பார்க்கர் ஃபொலெற் என்ற அமெரிக்க நிர்வாகவியல் சிந்தனையாளர் இதை ஒரு நூலகக் கதையால் விளக்கினார். ஒரே அறையில் ஒருவருக்கு யன்னலைத் திறக்க வேண்டும், மற்றவருக்கு யன்னல் மூடியிருக்க வேண்டும். பக்கத்து அறை யன்னலைத் திறந்தார்கள். ஒருவருக்குக் காற்று வேண்டியிருந்தது, மற்றவருக்கு வாடைக்காற்று நேரே படாமல் இருக்க வேண்டியிருந்தது.

அறிகுறி: மேலதிகாரி சனத்துக்கு முன்னால் உங்களை ஏசுகிறார்

அந்த இடத்தில் பதில் சொல்ல வேண்டாம். “சரி சேர், பார்க்கிறன்” போதும். பின்னேரம், அவர் தனியே இருக்கும்போது போய்க் கதையுங்கள்: “பிழை இருந்தால் சொல்லுங்கோ சேர், திருத்துவன். சனத்துக்கு முன்னால சொன்னா நாளைக்கு அவை என்னை நம்பாயினம், வேலை உங்களிட்டத்தான் வரும்.” மரியாதையும் குறையவில்லை, விடயமும் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகும் தொடர்ந்தால் திகதியோடு எழுதி வையுங்கள். தனியே பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

அறிகுறி: பிழை எங்களுடையது

ஒரு முறை ஒரு தாயின் விண்ணப்பத்தை வேறு கோவைக்குள் வைத்துவிட்டேன். நான்கு மாதம் அவர் வந்து வந்து போனார், ஒவ்வொரு தரமும் “மேல இருந்து இன்னும் வரேல்லை அம்மா” என்று சொல்லியிருக்கிறேன். கண்டெடுத்த நாளில் மேசைக்கு அடியில் வைத்துவிட்டு இன்றைக்குத்தான் வந்தது என்று சொல்லியிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திராது. நான் அவருடைய வீட்டுக்குப் போனேன். “என்ர கையாலதான் பிழை நடந்தது அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இண்டைக்கு அனுப்பிட்டன், இதுதான் பதிவு இலக்கம்” என்றேன். அவர் என்னை ஏசினார். நன்றாக ஏசினார். கேட்டுக்கொண்டு நின்றேன். கடைசியில் தேத்தண்ணி தந்தார்.

பிழையைச் சொல்லும்போது “தவறு ஏற்பட்டுவிட்டது” என்று ஆள் இல்லாத வசனம் பாவிக்க வேண்டாம். யார், என்ன, எப்போது திருத்துவோம் என்று சொல்லுங்கள்.

அறிகுறி: எல்லோரும் போன பிறகும் கை நடுங்குகிறது

இது உங்களுடைய அறிகுறி. இரவு நித்திரை வராது, வீட்டில் பிள்ளையில் எரிந்து விழுவீர்கள், விடிய அந்தக் கதிரையைப் பார்க்க வயிறு பிசையும். முகத்தைச் சிரிப்பாக வைத்திருப்பதும் ஒரு உழைப்பு, அதற்கும் களைப்பு உண்டு என்று ஆர்லி ஹொக்சைல்ட் என்ற சமூகவியலாளர் 1983இலேயே விமானப் பணிப்பெண்களை வைத்து எழுதினார். இங்கே இன்னொன்றும் சேரும். கருமபீடத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களில் எத்தனையோ பேர் அதே பாலத்தால் நடந்து வந்தவர்கள். வருகிறவரின் கதை எங்கள் கதையைக் கிளறும்.

பொறுப்பாக இருக்கிறவர்கள் செய்ய வேண்டியது: கடும் சத்தம் வாங்கிய பிள்ளையை உடனே அடுத்த ஆளுக்கு முகம் கொடுக்க விட வேண்டாம். கால் மணித்தியாலம் கருமபீடத்தை நீங்கள் பாருங்கள். பின்னேரம் “நீ என்ன பிழை விட்டனி?” என்று தொடங்காமல், “என்ன நடந்தது பிள்ளை?” என்று கேளுங்கள். நித்திரையில்லாமை வாரக்கணக்கில் தொடர்ந்தால் வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்குத் தொலைபேசியில் கதைக்கலாம். அந்த இலக்கத்தை ஊழியர் தேத்தண்ணி குடிக்கிற இடத்தில், சுவரில், பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள்.